தோடைக்கு உறவு தேடிய தாவரவியலாளர்

மட்டக்களப்பு வாவியின் கரையோரக் கிராமங்களில் வேலியோரம் ஒரு தேசி மரம் நிற்பது புதுமையன்று. அது பூக்கும் நாட்களில் முற்றம் முழுவதும் மணக்கும். சற்று அப்பால் பற்றைக்காடுகளில் குருந்தும், கோயில் வளவுகளில் வில்வமும், மேட்டுநிலங்களில் விளாவும், சமையற்கட்டின் பின்புறத்தில் கறிவேப்பிலையும் தத்தம் பருவத்தில் மலர்கின்றன. விளாவட்டவான் என ஓர் ஊரின் பெயரிலேயே விளா இடம்பெற்றிருக்கின்றது. இவை யாவும் தோடை, தேசி, நாரத்தை என்பவற்றோடு ஒரே குடும்பத்தின் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. குருந்தின் வெண்பூவை முகர்ந்தவருக்குத் தேசிப்பூவின் நினைவு வருவது தற்செயலானதன்று. அது உறவின் மணம். அந்த உறவை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்கத் தாவரவியலாளர் வோல்டர் டெனிசன் சுவிங்கிள்.

தோடையின் பிறப்பிடம் ஆசியா. நாரத்தை என்னும் நம் சொல்லோடு தொடர்புடையதாகவே பாரசீகத்தின் நாரங்கும் அரபு மொழியின் நாரஞ்சும் கருதப்படுகின்றன. அரபு முஸ்லிம்கள் கசப்புத் தோடையை மத்தியதரைக் கடல் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். அதன் பூவிலிருந்து மணநீர் வடிக்கும் கலையையும் வளர்த்தனர். ஸ்பெயின் நாட்டவர் வழியாகத் தோடை புளோரிடாவை அடைந்தது. அங்கேதான் சுவிங்கிளின் பணியும் தொடங்கியது.

1871ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி பென்சில்வேனியாவில் பிறந்த சுவிங்கிள், கன்சாஸ் மாநிலத்தில் வளர்ந்தார். தொடக்கக் கல்வியைப் பெரும்பாலும் வீட்டிலேயே பெற்ற அவர், 1890இல் கன்சாஸ் விவசாயக் கல்லூரியில் பட்டம் பெற்று, மறு ஆண்டு ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் சேர்ந்தார். தோடை மரங்களைத் தாக்கும் நோய்களை ஆராய்வதற்காகப் புளோரிடாவின் யூஸ்டிஸ் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார்.

1894 டிசம்பரிலும் 1895 பெப்ரவரியிலும் புளோரிடாவை அடுத்தடுத்துக் கடும் உறைபனி தாக்கியது. முதற் பனிக்குப் பின் துளிர்விட்ட மரங்களை இரண்டாவது பனி அடியோடு மாய்த்தது. தோட்டங்கள் கருகி நின்றன. பல குடும்பங்கள் நிலத்தைக் கைவிட்டு வெளியேறின. பூமணத்தால் பெயர்பெற்ற ஊர்களில் அவ்வாண்டு பூக்கவே மரமில்லை. குளிரைத் தாங்கும் தோடையை உருவாக்குவது எப்படி என்ற வினா அப்போது எழுந்தது.

விடையை ஒரு முள்மரத்தில் தேடினார் சுவிங்கிள். சீனாவைத் தாயகமாகக் கொண்ட மூவிலைத் தோடை, நம் வில்வத்தைப் போன்று மூன்று சிற்றிலைகள் கூடிய இலையை உடையது. உறைநிலைக்குக் கீழ் ஏறத்தாழ 20 பாகை வரையுள்ள குளிரையும் அது தாங்கவல்லது. குளிர்காலத்தில் இலைகளை முற்றாக உதிர்த்துவிட்டு, இளவேனிலில் இலை துளிர்க்கும் முன்பே வெறுங்கொம்பில் வெண்பூக்களை மலர்த்தும். ஆனால் பழம் வாயில் வைக்க இயலாத கசப்புடையது; பூவின் மணமும் தோடம்பூவுக்கு ஈடாகாதது. உண்ணவும் உதவாத, முகரவும் சிறவாத இம்மரத்தையே சுவிங்கிளும் அவருடைய தோழர் ஹேர்பர்ட் வெபரும் 1897இல் இனிப்புத் தோடையோடு கலந்தனர்.

கலப்பினம் உண்டாக்குவது பொறுமையைக் கோரும் பணி. மொட்டு விரியும் முன்பே அதன் மகரந்தப் பைகளை நீக்கி, வேறொரு மரத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, பூவை உறையிட்டு மூட வேண்டும். பூவின் மணம் தேனீயை அழைக்கும். அந்த அழைப்புக்குத் தேனீ வந்து சேராமல் தடுப்பதே உறையின் வேலை. இதில் இன்னுமொரு சிக்கல் உண்டு. தோடை இனத்தின் விதைகள் பலவற்றில் தாய்மரத்தின் அச்சொத்த நாற்றுகளே முளைக்கின்றன. உண்மையான கலப்பு நாற்றைப் பிரித்தறிய மூவிலையே கைகொடுத்தது. இனிப்புத் தோடையின் விதையில் முளைத்த கன்று மூன்று சிற்றிலைகளை விட்டால், அது கலப்பினம் என்பது உறுதி.

இவ்வாறு பிறந்த கலப்பினங்கள் சிற்றேஞ்ச் எனப்பட்டன. அவை குளிரைத் தாங்கின. ஆனால் மூவிலைத் தோடையின் கசப்பு பழத்தை விட்டு அகலவில்லை. பூவின் மணமோ கன்றுக்குக் கன்று வேறுபடுவது. தோடம்பூவின் மணம் லினலூல், மெதில் அந்த்ரனிலேற்று, இண்டோல் முதலிய பல சேர்மங்கள் கூடி உண்டாவது. அவற்றை ஆக்கும் மரபணுக்கள் கலப்பில் பிரிந்து வெவ்வேறு விதமாகக் கூடுவதால், ஒரே பெற்றோரின் கன்றுகளிலும் மணம் ஒன்றாக அமைவதில்லை. தேசியையும் சிறிய கும்குவாட் பழத்தையும் கலந்து 1909இல் சுவிங்கிள் உருவாக்கிய லைம்குவாட், தேசிக்குச் சற்றுக் குளிர்தாங்கும் வலிமையை அளித்தது.

முஸ்லிம் வாசகருக்கு இவருடைய வாழ்வில் வேறொரு தொடர்பும் உண்டு. காத்தான்குடிப் பிரதான வீதியில் வரிசையாக நிற்கும் பேரீச்சைகளைக் கண்டவர்களும், நோன்பு துறக்க மெஜூல் பழத்தைக் கையில் எடுப்பவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அது. மொரோக்கோவின் பேரீச்சந் தோப்புகளை ஒரு கொடிய வாடல்நோய் அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1927இல் பூதனீப் என்ற பாலைச்சோலையில் நோயற்ற ஒரு மெஜூல் மரத்திலிருந்து 11 பக்கக் கன்றுகளைச் சுவிங்கிள் பெற்றார். நெவாடாவில் தனிமைப்படுத்தி வளர்க்கப்பட்ட அவற்றுள் 9 பிழைத்தன. அமெரிக்காவின் மெஜூல் தோப்புகள் அந்த ஒன்பதிலிருந்தே பெருகின. அதற்கு முன்னர், 1899இல், அத்திப்பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் சிறு குளவியை அல்ஜீரியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு அனுப்பி, அங்கே ஸ்மிர்னா அத்தி காய்க்க வழிசெய்தவரும் அவரே.

ஒரு பயிரைக் காக்க வேண்டுமாயின் அதன் சுற்றத்தார் அனைவரையும் அறிய வேண்டும் என்பது அவருடைய கொள்கையாயிற்று. பழஞ்சீன நூல்களில் தாவரச் செய்திகள் நிறைந்திருப்பதை உணர்ந்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குச் சீன நூல்களைத் திரட்டுவதில் முன்னின்றார். தென்னிந்தியாவிலும் இலங்கையின் வறண்ட வலயத்திலும் வளரும் ஒரு காட்டுமரத்தை 1916இல் தனிப் பேரினமாகப் பிரித்தபோது, சிங்கள மக்கள் வழங்கிய பம்புறு என்ற பெயரையே அதற்குச் சூட்டினார். 1943இல் வெளியான அவருடைய பெருநூற் பகுதி, தோடையோடு விளா, வில்வம், குருந்து, கறிவேப்பிலை ஆகியவற்றையும் ஒரே குலவரிசையில் வைத்து விளக்கியது. 1952 ஜனவரி 19ஆம் திகதி வாஷிங்டனில் அவர் காலமானார்.

கசப்பான கலப்பினங்களின் பயன் பழத்தில் அன்று, வேரில் வெளிப்பட்டது. சிற்றேஞ்ச் வகைகள் நல்ல தோடையை ஒட்டுவதற்கு ஏற்ற அடிக்கட்டைகளாயின. 1907இல் அவர் செய்த ஒரு கலப்பு, அவர் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின், 1974இல், அவருடைய பெயராலேயே அடிக்கட்டையாக வெளியிடப்பட்டது. 2005இல் புளோரிடாவில் கண்டறியப்பட்ட பசுமையாதல் நோய் அங்கே தோடை விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழித்துவிட்ட இந்நாளில், நோயைத் தாங்கும் தன்மையை ஆய்வாளர்கள் மீண்டும் மூவிலைத் தோடையிலும் ஏனைய காட்டு உறவுகளிலுமே தேடுகின்றனர்.

வாவிக்கரையில் உறைபனி பெய்வதில்லை. நம் மரங்களை வாட்டுபவை வரட்சியும் உவர்நீரும் வெள்ளமும் ஆகும். மாதக்கணக்கில் மழையின்றியும் பட்டுப்போகாத விளாவும் குருந்தும் எந்தப் பண்பைத் தம் வேரில் தேக்கி வைத்திருக்கின்றன என்பது முழுமையாக ஆராயப்படவில்லை. பயனற்றது என்று கருதி ஒரு முள்மரத்தை வெட்டி வீழ்த்த ஒரு பொழுது போதும். இழந்த இனத்தை மீட்க எந்த ஆய்வுகூடத்தாலும் இயலாது. பற்றை வெட்டக் கத்தியை எடுக்கும் முன், அங்கே பூத்து நிற்பது என்ன என்று ஒருமுறை முகர்ந்து பார்ப்போம். வளவில் ஒரு விளாவையும் வேலியில் ஒரு குருந்தையும் விட்டு வைப்பது, நாளைய தேசிக்கும் தோடைக்கும் நாம் செய்யும் காவலாகும்.