கதவு ஏன் பூட்டியிருந்தது? - பிரான்சஸ் பெர்கின்ஸின் கதை

உங்க லேப்ல மொத்தம் எத்தனை கதவு இருக்கு நண்பர்களே? அதுல எத்தனை திறந்திருக்கு? பூட்டின கதவோட சாவி யார்கிட்ட இருக்கு? இந்த மாதிரி கேள்விகளைக் கேட்டே ஒரு நாட்டோட சட்டத்தை மாத்தினவர் பிரான்சஸ் பெர்கின்ஸ்.

1880ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்து, 1902ல் பட்டம் பெற்றார். அங்கே ஒரு பேராசிரியை, மாணவிகளை அக்கம்பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பி நேரில் பார்த்து வரச் சொன்னார். நாம இன்டஸ்ட்ரியல் விசிட் போனா போட்டோவோட திரும்பி வருவோம். பெர்கின்ஸ் ஒரு கேள்வியோடு வந்தார். சோம்பேறித்தனமும் குடியும்தான் வறுமைக்குக் காரணம் என்று கேட்டு வளர்ந்தவர் அவர். மெஷினில் ஒருத்தர் கை போனாலே ஒரு குடும்பம் விழுந்துவிடுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

பிறகு நியூயார்க்கில் ஒரு நுகர்வோர் அமைப்பில் சேர்ந்தார். தரைக்கடியில் நடந்த பேக்கரிகளையும், தொழிற்சாலைகளில் தீ ஆபத்து எப்படி இருக்கிறது என்பதையும் ஆராய்வது அவர் வேலை.

1911 மார்ச் 25, சனிக்கிழமை சாயங்காலம். வாஷிங்டன் ஸ்கொயரில் ஒரு தோழி வீட்டுக்கு வந்திருந்தார். வெளியே தீயணைப்பு வண்டிச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஆஷ் என்ற பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் தீ. டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் கம்பெனி அங்கே இருந்தது. ஜன்னலில் இருந்து பெண்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள், பலர் நம்ம வயசு.

இதை ஒரு இன்ஜினியரா யோசிச்சுப் பாருங்க. அந்தக் கட்டடம் தீப்பிடிக்காத கட்டடம் என்று பெயர் வாங்கியது. அது பொய்யும் இல்லை. இன்னைக்கும் நிக்குது, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வகுப்புகள் அங்கே நடக்குது. உள்ளே இருந்தவங்கதான் இல்லை.

எட்டாவது மாடியில் தீ பிடித்ததும், பத்தாவது மாடிக்குப் போனில் தகவல் போனது. நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. தீ வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அதிகம் பேர் இறந்ததும் அங்கேதான். குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. தீ வந்தால் எப்படி வெளியேறுவது என்று ஒருநாள்கூட ஒத்திகை நடந்ததில்லை. ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. ஏன்? வேலை முடிந்து போகும்போது யாராவது துணி திருடுகிறார்களா என்று பையைச் சோதிக்க ஒரே வாசல்தான் வசதி என்பதால்.

கவனிங்க. அந்தக் கதவை யாரும் கொலை செய்யணும்னு பூட்டலை. தினசரி வசதிக்காகப் பூட்டினாங்க. முதலாளிகள் மேல் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க முடியாமல், விடுதலை ஆகிவிட்டார்கள்.

பெர்கின்ஸ் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தொழிற்சாலைகளை ஆராய மாநில அரசு ஒரு குழு அமைத்தபோது, அதில் இருந்த அரசியல்வாதிகளை நேரில் கூட்டிக்கொண்டு போனார். தலைவர் ராபர்ட் வாக்னரை, சுவரில் இருந்த ஒரு சின்ன ஓட்டை வழியாகத் தவழ்ந்து வெளியேற வைத்தார். வெளியே பனி உறைந்த செங்குத்தான ஏணி. அதுவும் தரைக்கு 12 அடி மேலேயே முடிந்துவிடும். அந்தக் கம்பெனியின் அவசர வழி அதுதான். நூறு பக்க ரிப்போர்ட் செய்யாத வேலையை அந்த ஓட்டை செய்தது!

அடுத்த சில வருடங்களில் நியூயார்க்கில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் சட்டங்கள் வந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது, தீ ஒத்திகை கட்டாயம், உயரமான தொழிற்சாலைகளில் தானியங்கி நீர்த்தெளிப்பான், வெளியேறும் வழிக்கு ஏற்பத்தான் ஆட்கள் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். இன்றைக்கு நமக்குச் சாதாரணமாகத் தெரிவது எல்லாம் அன்றைக்குப் போராடி வாங்கியது.

1933ல் ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறைச் செயலாளர் ஆக்கினார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். 12 வருடம் அந்தப் பதவியில் இருந்தார். 1935ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1938ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இரண்டிலும் அவர் உழைப்பு இருக்கிறது. கடைசிக் காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1965ல் காலமானார்.

நாளைக்கு நீங்க ஒரு பிளான்ட்லயோ ஐடி கம்பெனியிலயோ சேரப் போறீங்க. முதல் நாளே ரெண்டாவது வாசல் எங்கே இருக்குன்னு நடந்து போய்ப் பாருங்க. தீயணைப்பான் முள் பச்சையில் இருக்கான்னு பாருங்க. அலாரம் அடிச்சா கடைசி மூலையில் இருக்கிறவருக்கும் கேக்குமான்னு கேளுங்க. பூட்டின கதவு ஒண்ணு இருந்தா, அதுக்குக் கண்டிப்பா ஒரு நல்ல காரணம் சொல்லுவாங்க. டிரையாங்கிள்லயும் ஒரு காரணம் இருந்தது.