கடற்கரையை ஆய்ந்த லயல்

கரை என்பது என்றும் ஒரே நிலையில் நிற்பது என எண்ணுதல் மக்கள் இயல்பு. அஃது இடையறாது மாறுவது என்பதைச் சான்றுகளோடு நிறுவிய அறிஞருள் தலையாயவர் சார்லஸ் லயல். அவர் 1797ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்ற காலத்துப் பக்லாந்து என்பாரின் விரிவுரைகள் அவரை நிலவியலின்பால் ஈர்த்தன. ஆயினும் அவர் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். அவருடைய கண்களோ வலிமை குன்றியவை. ஏடுகளை இடைவிடாது படித்தலால் அவை பெரிதும் நொந்தன. நாளடைவில் அவர் வழக்குமன்றத்தை விடுத்து, மலைகளையும் கரைகளையும் நாடிச் சென்றார்.

1828ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் நேப்பிள்ஸ் நகரை அடுத்த பொட்சுவோலிக்குச் சென்றார். அங்கு உரோமானியர் எழுப்பிய கட்டடம் ஒன்றின் மூன்று பளிங்குத் தூண்கள் ஏறத்தாழ 40 அடி உயரத்தில் நிற்கின்றன. அதனைக் கோயில் என்றே அந்நாளில் கருதினர்; அஃது அங்காடி என்பது பின்னரே தெளிவாயிற்று. தூண்களின் அடிப்பகுதி வழவழப்பானது. சுமார் 12 அடிக்கு மேல், 9 அடி அளவிற்குக் கடற்சிப்பிகள் துளைத்த துளைகள் நிறைந்துள்ளன. கடல்நீர் அத்துணை உயரம் ஏறியதெனின், மத்தியதரைக் கடலின் பிற கரைகளும் மூழ்கியிருத்தல் வேண்டுமன்றோ? அங்ஙனம் நேரவில்லை. ஆதலின், தூண்கள் நின்ற நிலமே தாழ்ந்து பின் உயர்ந்தது எனத் துணிந்தார். தூண்கள் சாயாது நிற்றலின், அவ்வியக்கம் மெல்ல நிகழ்ந்தது என்பதும் போதரும். 1830இல் வெளிவந்த அவருடைய 'நிலவியல் கோட்பாடுகள்' என்னும் நூலின் முகப்பில் அத்தூண்களின் படமே விளங்கியது.

இங்கிலாந்தின் நார்போக் கரையில் அவர் கண்டது வேறு. ஷெரிங்காம் என்னும் ஊரில் 48 ஆண்டுகளுக்கு முன் வீடுகளைத் தாங்கிய 50 அடிக் குன்று நின்ற இடத்தில், 1829இல் 20 அடி ஆழக் கடல் இருந்தது. அலைகள் அடிவாரத்தை அரிக்க, மேலே நின்ற மண் சரிந்து கடலுட் கரைந்தது.

சுவீடன் நாட்டுக் கரை மெல்ல உயர்கின்றது என்று பலர் கூறிவந்தனர். நிலநடுக்கமும் எரிமலையும் இல்லாத நாட்டில் அஃது எங்ஙனம் இயலும் என லயல் ஐயுற்றார்; அவ்வையத்தைத் தம் நூலிலும் எழுதினார். எழுதியதோடு அமையாது, 1834இல் நேரில் அங்குச் சென்றார். 1731இல் செல்சியஸ் என்னும் அறிஞர் நீர்மட்டத்தில் பாறைமீது வெட்டுவித்த குறி, நீருக்கு இரண்டடிக்கு மேல் உயர்ந்திருந்தது! மீனவர்களையும் வினவித் தெளிந்தார். அப்பாறையில் தாமும் ஒரு குறியை வெட்டுவித்தார். முன்பு கொண்ட கருத்துப் பிழை என்பதை அரச கழகத்தார்முன் மறையாது ஒப்புக்கொண்டார். புகழ் பெற்ற நூலாசிரியர் ஒருவருக்கு இஃது எளிய செயலன்று. பனியூழியில் அந்நிலத்தை அழுத்திய பனிப்பாறைச் சுமை உருகி நீங்கியதே அவ்வுயர்ச்சிக்குக் காரணம் என்பது பிற்காலத்தார் கண்டது.

முதுமையில் அவருடைய கண்ணொளி பெரிதும் மங்கிற்று. பிறர் படிக்கக் கேட்டும், சொல்லி எழுதுவித்தும் நூலைத் திருத்திவந்தார். அதன் பன்னிரண்டாம் பதிப்பைத் திருத்திக்கொண்டிருந்த நிலையில், 1875ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இலண்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவருடல் அடக்கம் செய்யப்பெற்றது.