ஐந்து முறை விழுந்த ஓட்டக்காரர்

1908-ம் ஆண்டு ஜூலை மாதம் 24-ந் தேதி.

லண்டன் நகரில் ஒலிம்பிக் பந்தயம். அரங்கத்தில் சுமார் 75 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். அலெக்சாண்டிரா ராணியும் வந்திருந்தார். எல்லோருடைய கண்களும் வாசலையே பார்த்துக் கொண்டிருந்தன. மாரத்தான் ஓட்டக்காரர்கள் வரும் நேரம் அது.

வாசலில் ஒருவர் தெரிந்தார். குள்ளமான உருவம். வெள்ளைச் சட்டை, சிவப்புக் கால்சட்டை. சட்டையில் 19 என்ற எண்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆனால் அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. குடித்தவரைப் போலத் தள்ளாடினார். வலது பக்கம் போவதா, இடது பக்கம் போவதா என்பதுகூட அவருக்குப் புரியவில்லை. தவறான பக்கம் திரும்பினார். அதிகாரிகள் ஓடி வந்து வழி காட்டினார்கள்.

நாலு அடி எடுத்து வைத்தார். பொத்தென்று விழுந்தார்.

அவர்தான் டொராண்டோ பியெத்ரி.

மிட்டாய்க் கடைப் பையன்

டொராண்டோ இத்தாலி நாட்டுக்காரர். 1885-ம் ஆண்டு மாண்ட்ரியோ என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பிறகு குடும்பம் கார்ப்பி என்ற ஊருக்குக் குடியேறியது. அங்கே ஒரு மிட்டாய்க் கடையில் எடுபிடி வேலை பார்த்தார். உயரம் 5 அடி 3 அங்குலத்துக்கும் குறைவு. இவர் ஓட்டப் பந்தயத்தில் பெயர் வாங்குவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1904-ம் ஆண்டு, இத்தாலியின் புகழ் பெற்ற ஓட்டக்காரர் பாலியானி கார்ப்பிக்கு வந்தார். ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. கடை வேலையில் இருந்த டொராண்டோ, வேலை செய்த உடையோடு அவர் பின்னால் ஓடி, கடைசி வரை விடாமல் தொடர்ந்ததாகச் சொல்வார்கள். அன்று முதல் ஓட்டமே அவர் வாழ்க்கை ஆகிவிட்டது.

1906-ம் ஆண்டு கிரேக்க நாட்டில், ஏதென்ஸ் நகரில் ஓடினார். 24 கிலோ மீட்டர் தாண்டியபோது எல்லோருக்கும் முன்னால் இருந்தார். திடீரென்று வயிற்றுக் கோளாறு. பந்தயத்தை விட்டு விலக நேர்ந்தது. அந்த ஏமாற்றம் அவர் மனதை விட்டுப் போயிருக்காது. லண்டனில் எப்படியும் ஜெயிக்க வேண்டும் என்று துடித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். லண்டன் பந்தயத்துக்கு 17 நாட்களுக்கு முன்புதான் அவர் சொந்த ஊரில் 40 கிலோ மீட்டர் ஓட்டம் ஒன்றை 2 மணி 38 நிமிடத்தில் ஓடி ஜெயித்திருந்தார். இந்தக் காலத்துப் பயிற்சியாளர் யாரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். அவ்வளவு தூரம் ஓடிய உடம்பு சரியாகக் குறைந்தது மூன்று, நாலு வாரமாவது ஆகும். பாதி ஆறிய உடம்போடுதான் அவர் லண்டனுக்குப் போனார்.

கொளுத்தும் வெயில்

விண்ட்சர் அரண்மனையில் பந்தயம் தொடங்கியது. 55 பேர் ஓடினார்கள். தூரம் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். இன்று உலகம் முழுவதும் மாரத்தானுக்கு இருக்கும் தூரம் இதுதான். அன்று அரண்மனையில் புறப்பட்டு, ராணியின் ஆசனத்துக்கு எதிரே முடிய வேண்டும் என்பதற்காக வைத்த அளவு, 1921-ல் நிரந்தரம் ஆகிவிட்டது.

பிற்பகல் நேரம். புழுக்கம். இங்கிலாந்தில் அப்படி வெயில் அடிப்பது அபூர்வம். அந்த வெயிலிலும் பிரிட்டிஷ் வீரர்கள் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்து ஓடினார்கள். ஒவ்வொருவராகச் சோர்ந்து பின்தங்கினார்கள். பிறகு தென் ஆப்பிரிக்க வீரர் ஹெஃபரன் முதலிடத்துக்கு வந்தார்.

டொராண்டோ ஆரம்பத்தில் நிதானமாகத்தான் ஓடினார். 32 கிலோ மீட்டரில் ஹெஃபரனுக்கு 4 நிமிடம் பின்னால் இருந்தார். முன்னால் போகிறவர் தளர்ந்து விட்டார் என்று தெரிந்ததும், இருந்த சக்தியை எல்லாம் திரட்டி விரட்டினார். 39-வது கிலோ மீட்டரில் ஹெஃபரனைத் தாண்டினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. விரட்டிப் பிடித்து விட்டார். ஆனால் மீதி தூரத்தை ஓட உடம்பில் ஒன்றும் இல்லை!

உடம்பில் நடப்பது என்ன?

நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி முதலியவற்றின் சத்தில் ஒரு பகுதி கிளைகோஜன் என்ற பொருளாகத் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிறது. ஓடும்போது செலவாவது இந்தச் சேமிப்பு. வேகம் கூடக் கூடச் செலவும் கூடும். பெரும்பாலோருக்கு 30 கிலோ மீட்டர் வாக்கில் இது தீரும் நிலைக்கு வந்துவிடும். கால் இரும்பாகக் கனக்கும்.

இதோடு வெயிலும் சேர்ந்தால் வியர்வையில் தண்ணீரும் உப்பும் போய்விடும். உடம்புச் சூடு ஏறும். மூளை தடுமாறும். டொராண்டோவுக்கு வழி தெரியாமல் போனது இதனால்தான்.

அந்தக் காலத்தில் ஓடும்போது தண்ணீர் குடிப்பது கெடுதல் என்று பலர் நம்பினார்கள். ஆனால் பிராந்தி கொடுப்பார்கள்! 1904-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் ஜெயித்த ஹிக்ஸ் என்பவருக்கு, எட்டிக்கொட்டையில் இருக்கும் விஷச் சத்தையே பிராந்தியில் கலந்து கொடுத்தார்கள். அவர் பிழைத்தது பெரிய காரியம்.

இன்று ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பிட்டு விடுகிறார்கள். நீண்ட ஓட்டம் என்றால் தாகத்துக்குத் தண்ணீரும், வழியில் கொஞ்சம் இனிப்பும் சேர்த்துக் கொள்கிறார்கள். தொடக்கத்தில் வேகத்தை அடக்குகிறார்கள். சாதாரணக் களைப்பு என்றால் நடந்து ஆற்றிக் கொள்ளலாம். ஆனால் தலை சுற்றி, பேச்சுக் குழறி, திசை தெரியாமல் போனால் அது களைப்பு அல்ல, ஆபத்து. உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, டாக்டரை அழைக்க வேண்டும்.

கடைசி 350 மீட்டர்

டொராண்டோவை யாரும் படுக்க வைக்கவில்லை. அவரும் படுக்கத் தயாராக இல்லை.

விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். மொத்தம் 5 முறை! ஒவ்வொரு தடவையும் டாக்டரும் அதிகாரிகளும் தூக்கி நிறுத்தினார்கள். கண் எதிரே ஒருவர் செத்துப் போய்விடுவாரோ என்று அவர்களுக்குப் பயம். கடைசி 350 மீட்டருக்கு மட்டும் 10 நிமிடம் ஆயிற்று.

2 மணி 54 நிமிடம் 46 விநாடியில் எல்லைக்கோட்டைக் கடந்தார். 32 விநாடி கழித்து அமெரிக்க வீரர் ஜானி ஹேய்ஸ் வந்து சேர்ந்தார்.

அமெரிக்கர்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள். பிறர் உதவியோடு ஓடியது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தங்கப் பதக்கம் ஹேய்சுக்குப் போனது. சட்டப்படி அது சரியான தீர்ப்பு. ஹேய்ஸ் யார் உதவியும் இல்லாமல், தன் சக்தியை அளந்து செலவு செய்து ஓடியவர். அவரைக் குறை சொல்ல இடம் இல்லை. ஆனால் தூக்கிவிடும்படி டொராண்டோவும் கேட்கவில்லையே!

மறுநாள் அலெக்சாண்டிரா ராணி, தங்க முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை ஒன்றை அவருக்கு வழங்கினார். துப்பறியும் கதைகள் எழுதிப் புகழ் பெற்ற கானன் டாயில் அன்று அரங்கில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். டொராண்டோ ஊரில் ரொட்டிக் கடை வைக்கட்டும் என்று பத்திரிகை மூலம் நிதி திரட்டினார். சுமார் 300 பவுன் சேர்ந்தது.

பிறகு

டொராண்டோ ரொட்டி சுடப் போகவில்லை. அமெரிக்கா போனார். அதே ஆண்டு நவம்பர் 25-ந் தேதி நியூயார்க்கில், ஒரு மண்டபத்துக்குள்ளேயே ஹேய்சுடன் மறு போட்டி. தூரம் அதே மாரத்தான் தூரம். 262 சுற்று. டொராண்டோ ஜெயித்தார்! அடுத்த மார்ச்சில் மறுபடியும் ஹேய்சைத் தோற்கடித்தார். அமெரிக்காவில் ஓடிய 22 பந்தயங்களில் 17-ல் வெற்றி.

1910-ம் ஆண்டு தென் அமெரிக்காவில் பியூனஸ் அயர்ஸ் நகரில் தம் கடைசி மாரத்தானை ஓடினார். 2 மணி 38 நிமிடம், சில விநாடிகள். லண்டனில் விழுந்து எழுந்து ஓடியதைவிட 16 நிமிடம் குறைவு.

1911-ல் ஓட்டத்தை விட்டார். அப்போது வயது 26.

சம்பாதித்த பணத்தைப் போட்டு அண்ணன் தம்பி இருவரும் ஓட்டல் நடத்தினார்கள். வியாபாரம் நொடித்துப் போயிற்று. டொராண்டோ சான் ரெமோ என்ற கடற்கரை ஊருக்குப் போய் மோட்டார் ஷெட் வைத்துப் பிழைத்தார். 1942-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி மாரடைப்பால் அங்கேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 56.