பிஷப் பதவி வேண்டாம் என்று ஒளிந்தவரை கடத்திப்போய் பிஷப் ஆக்கினார்கள்: யார் இந்த பொன்வாய் யோவான்?

பதவிக்காக அடித்துக்கொண்டவர்கள் கதை நமக்குப் புதிதில்லை. பதவி வேண்டாம் என்று ஓடி ஒளிந்து, ஏன் ஒளிந்தேன் என்று விளக்கி ஒரு புத்தகமும் எழுதி, பல வருடம் கழித்து அதைவிடப் பெரிய பதவியில் வலுக்கட்டாயமாக உட்கார வைக்கப்பட்டவர் ஒருவர் இருந்தார். பெயர் யோவான். பேச்சுத் திறமையைப் பார்த்துப் பிற்காலத்தில் கிறிசோஸ்தோம் என்ற பட்டம் சேர்ந்துகொண்டது. கிரேக்கத்தில் அதற்குப் பொன்வாய் என்று பொருள்.

ஒரு சபைத் தலைவர் எப்படி இருக்க வேண்டும், எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று ஆதி கிறிஸ்தவர்கள் எழுதியவற்றில் இவருடைய புத்தகத்துக்குத் தனி இடம் உண்டு. ஆனால் அதை எழுதியவரையே சக பிஷப்புகள் கூடி 29 குற்றச்சாட்டுகளை வைத்துப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அப்படி என்னதான் நடந்தது?

அம்மா கேட்ட ஒரே உதவி

யோவான் பிறந்தது கி.பி. 349 வாக்கில், அந்தியோக்கியாவில். இன்றைய துருக்கியின் தென்கோடியில் இருக்கும் அந்தாக்யாதான் அந்த ஊர். அப்பா ராணுவ நிர்வாகத்தில் அதிகாரி. குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டார். அம்மா அந்தூசாவுக்கு அப்போது 20 வயதுதான். மறுமணம் செய்யாமல் மகனை வளர்த்தார். அந்தக் காலத்தின் புகழ்பெற்ற பேச்சுக்கலை ஆசிரியர் லிபானியஸிடம் படிக்க வைத்தார். லிபானியஸ் கிறிஸ்தவர் இல்லை, பழைய கிரேக்க தெய்வங்களை வணங்கியவர்.

வக்கீலாகவோ அரசு அதிகாரியாகவோ போயிருக்க வேண்டிய பையன், துறவியாகப் போகிறேன் என்றான். அந்தூசா மகனின் கையைப் பிடித்து, அவனைப் பெற்ற கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து அழுதாராம். என்னை இரண்டாவது முறை விதவை ஆக்கிவிடாதே, நான் போன பிறகு நீ எங்கு வேண்டுமானாலும் போ என்பதுதான் அவர் கேட்டது. யோவான் அப்போதைக்கு வீட்டிலேயே தங்கினார்.

பிறகு மலைக்குப் போனார். நான்கு வருடம் ஒரு முதிய துறவியோடு, இரண்டு வருடம் தனியாகக் குகையில். சரியான தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வயிறும் சிறுநீரகமும் கெட்டுப்போய், 378 வாக்கில் ஊருக்குத் திரும்பினார். அந்த வயிற்றுக்கோளாறு கடைசிவரை விடவில்லை. பின்னால் இந்தக் கதையில் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

நண்பனை மாட்டிவிட்ட கதை

யோவானுக்கு பேசில் என்று ஒரு நண்பர். இருவரையும் பிஷப் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்தக் காலத்தில் ஆளைப் பிடித்துக்கொண்டுபோய் தலையில் கை வைத்து அபிஷேகம் செய்துவிடுவது சகஜம். எதுவானாலும் சேர்ந்தே முடிவெடுப்போம் என்று நண்பர்கள் பேசி வைத்திருந்தார்கள். நாள் வந்ததும் யோவான் சத்தமில்லாமல் ஒளிந்துகொண்டார். அவர் ஏற்கனவே ஒத்துக்கொண்டார் என்று நம்பி பேசில் தலையைக் குனிந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அழுதுகொண்டே வந்து நியாயம் கேட்டாராம்.

குருத்துவம் பற்றி யோவான் எழுதிய ஆறு பாகப் புத்தகம் இந்த இருவரின் உரையாடலாகத்தான் போகிறது. சம்பவம் அப்படியே நடந்ததா, புத்தகத்துக்காக அமைத்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் உள்ளே சொல்லும் விஷயங்கள் ரொம்பவே நடைமுறை சார்ந்தவை.

உதாரணமாக, பதவியில் இருப்பவரின் சின்னத் தவறும் ஊருக்கே தெரியும் என்கிறார். பதவி ஆசையைத்தான் முதலில் மனதிலிருந்து பிடுங்க வேண்டும், ஏனென்றால் பதவியை இழக்கப் பயப்படுபவர் யாருக்கும் உண்மையைச் சொல்ல மாட்டார். தப்பு செய்தவரைக் கட்டாயப்படுத்தித் திருத்த முடியாது, பேசிப் புரியவைக்கத்தான் முடியும். பிரசங்கம் செய்பவர் கைதட்டலுக்கு அடிமையாகக் கூடாது. விதவைகளுக்கான உதவித்தொகையை நிர்வகிப்பவருக்குப் பணத்தில் நேர்மை இருந்தால் மட்டும் போதாது, திட்டு வாங்கிக்கொண்டு சிரிக்கும் பொறுமையும் வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் சும்மா எழுதியதில்லை. அந்தியோக்கியா சபையின் பட்டியலில் தினமும் உதவி பெற்ற விதவைகளும் கன்னியரும் மட்டும் 3,000 பேர் என்று அவரே ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். பிஷப் வேலை என்பது பூசை, பிரசங்கத்தோடு முடிவதில்லை. ஒரு பெரிய அலுவலகத்தை நடத்துவதும் அதில் அடக்கம்.

புதிய ஏற்பாட்டில், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் பிஷப்புக்கான தகுதிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. குடிகாரராக இருக்கக் கூடாது, பண ஆசை கூடாது, சொந்தக் குடும்பத்தை ஒழுங்காக நடத்தத் தெரிந்திருக்க வேண்டும், வெளியாட்களிடமும் நல்ல பெயர் வேண்டும் என்று போகும். இதை விளக்கும்போது யோவான் ஒரு சுவாரஸ்யமான கேள்வி கேட்கிறார். பட்டியல் ஏன் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது? அவர் சொன்ன பதில்: ஊருக்கு ஒரு பிஷப் தேவை, தேவதூதர் மாதிரி ஆட்களை மட்டுமே தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

சிலைகள் உடைந்த வருடம்

386-ல் யோவான் குருவானார். அடுத்த வருடமே அந்தியோக்கியாவில் புதிய வரிக்கு எதிராகக் கலவரம். கூட்டம் பேரரசர் தியோடோசியஸ் குடும்பத்தின் சிலைகளைக் கீழே தள்ளிவிட்டது. அது ராஜதுரோகம், ஊரையே அழித்தாலும் கேட்க ஆளில்லை. வயதான பிஷப் ஃபிளேவியன் மன்னிப்புக் கேட்க கான்ஸ்டான்டினோபிளுக்குக் கிளம்பிப் போனார். பயத்தில் உறைந்த ஊரைத் தேற்றும் வேலை யோவானுக்கு வந்தது.

அந்த வாரங்களில் அவர் செய்த பிரசங்கங்கள் இன்றும் இருக்கின்றன. தேற்றினார், கூடவே திட்டினார். தொட்டதுக்கெல்லாம் சத்தியம் செய்யும் பழக்கத்தை விடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஈஸ்டர் சமயத்தில் மன்னிப்பு வந்து சேர்ந்தது. யோவான் அந்த ஊரின் நட்சத்திரமானார்.

இந்தக் காலகட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அதை மறைத்து இவரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. சபையில் சிலர் யூதர் பண்டிகைகளுக்கும் போய்வந்தார்கள். அவர்களைத் தடுக்க 386, 387-ல் யோவான் எட்டு பிரசங்கங்கள் செய்தார். யூதர்களைப் பற்றி அவற்றில் இருப்பது வெறுப்பின் மொழி. பல நூற்றாண்டுகள் கழித்து யூத வெறுப்பாளர்கள் அதை ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பேச்சுக்கலையே அப்படித்தான் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது.

தேர் வந்தது, ஆள் காணோம்

397-ல் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளின் பிஷப் நெக்டாரியஸ் இறந்தார். பேரரசர் அர்காடியஸின் அரண்மனையில் எல்லாமாக இருந்த யூட்ரோபியஸ், அந்த இடத்துக்கு யோவானைத் தேர்ந்தெடுத்தார். கேட்டால் ஊர் விடாது, ஆளும் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் ஊருக்கு வெளியே ஒரு தியாகிகள் கல்லறைக் கோயிலுக்கு வரச்சொல்லி, அங்கிருந்து அரசு வண்டியில் ஏற்றித் தலைநகருக்கு அனுப்பிவிட்டார்கள். 398 பிப்ரவரியில் பதவியேற்பு. செய்துவைத்தவர் அலெக்சாந்திரியா பிஷப் தியோஃபிலஸ். அவர் மனதில் வேறு ஆள் இருந்தார். யூட்ரோபியஸ் மிரட்டியதால்தான் சம்மதித்தார்.

பொறுப்பேற்றதும் யோவான் செய்த வேலை, கணக்கு நோட்டைப் பிரித்தது. சபைக்குப் பயனில்லாத செலவுகளை வெட்டினார். அப்புறம் பிஷப் மாளிகையின் சொந்தச் செலவுக்கு வந்தார். ஆடம்பரத்துக்குப் போன பணத்தை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். அது போதவில்லை என்று புதிதாக ஆஸ்பத்திரிகள் கட்டி, மருத்துவர்களையும் சமையல்காரர்களையும் நியமித்தார். பகலெல்லாம் உழைப்பவர்கள் வருவதற்காக இரவு வழிபாடு தொடங்கினார். தூக்கம் போன பாதிரியார்களுக்குக் கடுப்பு. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக்கொடுத்த பணக்கார விதவை ஒலிம்பியாஸிடம், தேவைப்படுபவர்களுக்கு மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்றார். வாங்கிப் பழகியவர்களுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

மக்களுக்கு மட்டும் அவரை ரொம்பப் பிடித்திருந்தது. பிரசங்கத்தின் நடுவே கைதட்டாதீர்கள் என்று ஒரு நாள் சட்டம் போட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

399-ல் யூட்ரோபியஸின் அதிகாரம் ஒரே நாளில் சரிந்தது. உயிர் தப்ப அவர் ஓடிவந்தது யோவானின் பேராலயத்துக்கு. கோயிலில் தஞ்சம் புகும் உரிமையைச் சட்டம் போட்டுக் குறைத்ததே யூட்ரோபியஸ்தான். பிடித்துக்கொடு என்று படைவீரர்கள் நெருக்கியும் யோவான் விடவில்லை. பீடத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நடுங்கி நிற்க, அதே இடத்தில் அதிகாரத்தின் நிலையாமை பற்றிப் பிரசங்கமும் செய்தார். ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டே அவமானப்படுத்தவும் அவரால் முடிந்தது!

401-ல் எபேசு பகுதிக்குப் போய், காசு கொடுத்துப் பதவி வாங்கிய ஆறு பிஷப்புகளை நீக்கினார். எதிரிகள் எண்ணிக்கை இன்னும் கூடியது.

29 குற்றச்சாட்டுகள்

எகிப்தில் தியோஃபிலஸ் விரட்டியடித்த துறவிகள் சுமார் 50 பேர் கான்ஸ்டான்டினோபிளுக்கு வந்து நியாயம் கேட்டார்கள். யோவான் தங்க இடம் கொடுத்தார். தியோஃபிலஸ் நேரில் வந்து யோவான் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டும் என்று அரண்மனை உத்தரவிட்டது. ஆனால் 403-ல் அவர் ஒரு பிஷப் பட்டாளத்தோடு வந்து ஆட்டத்தைத் தலைகீழாக்கினார். பெண்களின் ஆடம்பரத்தைப் பற்றி யோவான் செய்த ஒரு பிரசங்கம் தன்னைத்தான் குறிக்கிறது என்று பேரரசி யூடோக்சியா அப்போது கோபத்தில் இருந்தார். நேரம் கச்சிதமாகப் பொருந்தியது.

கல்கெதோன் அருகே ஓக் என்ற மாளிகையில் கூட்டம். யோவான் நீக்கியிருந்த டீக்கன் ஒருவர் 29 குற்றச்சாட்டுகளைக் கொடுத்தார். பட்டியலைப் படித்தால் சிரிப்பும் வரும், யோசனையும் வரும். முந்தைய பிஷப் ஒரு கோயிலுக்காக ஒதுக்கி வைத்த பளிங்கை விற்றுவிட்டாராம். சபையின் சொத்துகளை விற்றாராம். குளியலறையில் அவர் ஒருவருக்காக மட்டும் வெந்நீர் போடுகிறார்களாம். தனியாகச் சாப்பிடுகிறாராம். பாதிரியார்களை அவமானமாகப் பேசுகிறாராம்.

தனியாகச் சாப்பிட்டதற்குக் காரணம் அந்தக் குகை கெடுத்த வயிறு என்கிறார்கள் அவரை ஆதரித்தவர்கள். ஆனால் தலைநகரில் பிஷப்பின் விருந்து மேசை என்பது சாப்பாட்டு விஷயம் மட்டுமில்லை. அங்கேதான் உறவுகள் வளரும், மனஸ்தாபங்கள் தீரும். யோவான் அந்த மேசையையே எடுத்துவிட்டார். பணம், புகழ், பதவி ஆசை என்று தன் புத்தகத்தில் எழுதிவைத்த எந்தப் பள்ளத்திலும் அவர் விழவில்லை. பேசிப் புரியவைக்க வேண்டும் என்று எழுதியதைத்தான் தன் பாதிரியார்களிடம் அவர் அவ்வளவாகக் காட்டவில்லை.

விசாரணைக்கு வர மறுத்தவரைக் கூட்டம் பதவிநீக்கம் செய்தது. நாடுகடத்தலுக்கு ஆள் கிளம்பியதும் ஊர் கொந்தளித்தது. அரண்மனையிலும் ஏதோ அசம்பாவிதம் நடந்தது. நிலநடுக்கம் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. பயந்துபோன யூடோக்சியா உடனே அவரைத் திருப்பி அழைத்தார்.

சமாதானம் சில மாதங்கள்தான். பேராலயத்துக்குப் பக்கத்தில் பேரரசிக்கு வெள்ளிச்சிலை வைத்து ஆட்டம் பாட்டத்தோடு விழா நடந்தது. வழிபாட்டைக் கெடுக்கிறது என்று யோவான் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்தச் சிலையின் பீடம் இன்றும் இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா தோட்டத்தில் இருக்கிறது. 404 ஈஸ்டருக்கு முந்தைய இரவு, ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்த இடத்தில் படைவீரர்கள் புகுந்து அடித்தார்கள். ஜூன் 20-ல் யோவான் ஊரை விட்டு அனுப்பப்பட்டார். அன்றே பேராலயம் தீப்பற்றி எரிந்தது.

மலையூரிலிருந்து கடிதங்கள்

அனுப்பப்பட்ட இடம் குக்குசுஸ், இன்றைய துருக்கியின் கோக்சுன். கடும் குளிர், அடிக்கடி கொள்ளையர் தாக்குதல். அங்கிருந்து எழுதிக்கொண்டே இருந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் 17 ஒலிம்பியாஸுக்கு எழுதியவை. யோவான் பக்கம் நின்றதற்காக அபராதம் கட்டி, ஒலிம்பியாஸும் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அவருடைய மனச்சோர்வுக்கு மருந்து போல எழுதிய அந்தக் கடிதங்களில், குளிரையும் வயிற்றையும் பற்றிய புலம்பலும் நடுநடுவே வரும்.

அவ்வளவு தூரத்திலும் அவர் பேச்சு அடங்கவில்லை என்று 407-ல் கருங்கடலின் மறு கரையில் இருந்த பித்யுஸுக்கு மாற்ற உத்தரவு வந்தது. வெயிலிலும் மழையிலும் நடக்க வைத்தார்கள். 60 வயதை நெருங்கிய உடம்பு தாங்கவில்லை. செப்டம்பர் 14 அன்று, வழியில் கொமானா என்ற ஊரில் இறந்தார்.

பேரரசி யூடோக்சியா அதற்கு மூன்று வருடம் முன்பே, 404 அக்டோபரில் இறந்துவிட்டார். 438-ல் யோவானின் உடல் கான்ஸ்டான்டினோபிளுக்குத் திரும்ப வந்தபோது வரவேற்ற பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ், அதே யூடோக்சியாவின் மகன். பெற்றோர் செய்ததற்காக அந்தப் பேழையின் முன் மன்னிப்புக் கேட்டு வேண்டினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1204-ல் சிலுவைப் போர்வீரர்கள் நகரைச் சூறையாடினார்கள். அதன் பிறகு ரோமில் இருந்த யோவானின் எலும்புகளில் ஒரு பகுதியை, 2004 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் இஸ்தான்புல்லின் திருச்சபைத் தலைவர் பர்த்தலோமேயுவிடம் திருப்பிக் கொடுத்தார்.