ருடால்ப் டீசல்

உலகிற்குப் பயன்படும் பொருள்களுட் சில, தம்மை ஆக்கினோர் பெயராலேயே வழங்குகின்றன. அங்ஙனம் வழங்குங்கால், நாளடைவிற் பொருள் நிற்க, மனிதர் மறக்கப்படுகின்றனர். டீசல் என்னுஞ் சொல்லை அறியாதார் நம் நாட்டிற் சிலரே. ஆயின், அஃதொரு மனிதரின் பெயரென அறிவாரும் சிலரே. எரிபொருள் வீணாதலைப் பொறாது உழைத்த அப்பெரியாரின் பெயர் இன்று புகைக்கு மறுபெயர்போல் வழங்குவது இரங்கத்தக்கது.

ருடால்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ஆம் நாள் பாரிசு மாநகரிற் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், தந்தையார் நூற்கட்டுத் தொழிலினர். 1870-இற் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூளவே, குடும்பத்தார் இலண்டன் நகர் புகுந்தனர். பன்னிரண்டு வயதினராகிய ருடால்ப், ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் இல்லத்தில் தங்கிக் கற்குமாறு அனுப்பப்பெற்றார்.

பின்னர் மியூனிக் நகரத்துத் தொழிற்கல்லூரியில், லிண்டே என்னும் பேராசிரியரிடம் வெப்பநூல் பயின்றார். நீராவிப்பொறி, தன்பால் இடப்படும் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கினையே வேலையாக மாற்றுகின்றதென்றும், எஞ்சியன யாவும் வீணே கழிகின்றனவென்றும் ஆசிரியர் விளக்கினார். அன்று கேட்ட அப்பாடம் டீசலின் வாழ்நாட்பணியாயிற்று.

காற்றை விரைந்து அழுத்தின் அது சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்குங் குழாய் கையைச் சுடுதலால் இதனை நாம் அறிவோம். உருளையொன்றினுட் காற்றை மிகுதியும் அழுத்தி, அவ்வெப்பத்திடையே எண்ணெயைச் செலுத்தின், தீப்பொறியின் உதவியின்றியே அது பற்றி எரியும். இவ்வழியால் வெப்பத்தின் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாமென டீசல் கருதினார். 1893-இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்று, நூலொன்றும் வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் நிகழ்ந்த முதற் சோதனையில், பொறியின் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. அருகிருந்தோர் அரிதின் உயிர் தப்பினர். டீசல் மனந்தளர்ந்திலர். அடுத்த ஆண்டில் அப்பொறி ஏறக்குறைய ஒரு நிமிடம் தானே இயங்கிற்று. 1897-இற் பேராசிரியர் ஷ்ரேட்டர் என்பார் ஆராய்ந்து, அது நூற்றுக்கு இருபத்தாறு பங்கு வெப்பத்தை வேலையாக மாற்றுதலைக் கண்டனர்.

தன் உணவைத் தானே சுமந்து செல்லும் வழிப்போக்கனை ஒத்தது கப்பல். உணவு குறையின் சுமையுங் குறையும். ஆதலின் இப்பொறியின் பெரும்பயன் கடலிலேயே விளங்கிற்று. 1912-ஆம் ஆண்டு செலாண்டியா என்னும் டேனிஷ் கப்பல், கொதிகலமும், கரியள்ளிப் போடுவாரும், புகைபோக்கியும் இன்றி, டீசற்பொறிகளால் இயங்கிக் கோபனேகனிலிருந்து பாங்காக்கிற்குப் புறப்பட்டது. கடற்பயணத்தின் வரலாற்றில் அஃதொரு புதிய ஏட்டின் தொடக்கமாயிற்று.

1900-இல் நிகழ்ந்த பாரிசுக் கண்காட்சியில் டீசற்பொறியொன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடிற்று. விளைநிலத்து எண்ணெயும் பிற்காலத்திற் பொறிகளுக்கு உதவுமென்பது டீசலின் நம்பிக்கை. தொழிலாளர் ஒருவரையொருவர் தாங்கி வாழும் வழியைக் கூறும் நூலொன்றையும் 1903-இல் இயற்றினார்.

புகழ் பெருகியபோதும் அவர்தம் செல்வம் நிலைக்கவில்லை. கடனும் நோயும் வாட்டின. 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை, ஆண்ட்வெர்ப்பில் டிரெஸ்டன் என்னும் நீராவிக்கப்பலேறி இங்கிலாந்து நோக்கிச் சென்றார். இரவுணவிற்குப்பின் தம் அறைக்குச் சென்றவரைக் காலையிற் காணவில்லை. சில நாட்கழித்து அவருடல் கடலிற் காணப்பட்டது. அவர் முடிவின் காரணம் இன்றுவரை துணியப்படவில்லை.

இக்காலத்துப் பெருங்கப்பல்களின் டீசற்பொறிகள் வெப்பத்தின் ஏறத்தாழச் செம்பாதியை வேலையாக மாற்றுகின்றன. கப்பலெண்ணெய் ஒரு டன் எரியின் மூன்று டன்னிற்கு மேற்பட்ட கரியமிலவாயு வெளிப்படும். ஆதலின் மிச்சமாகும் ஒவ்வொரு டன்னும் வானிற்குச் செய்யும் உதவியாம். எனினும், செலவு குறையக் குறையக் கப்பல்கள் பெருகின, சரக்கும் பெருகிற்று. 2018-இல் உலக மாந்தர் வெளியிட்ட வெப்பவாயுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு கப்பல்களுடையது. 2050-ஆம் ஆண்டளவில் அதனை நிகரச் சுழியமாக்க வேண்டுமென்று சர்வதேசக் கடல்சார் நிறுவனம் 2023-இல் இலக்கு வகுத்தது. அதன்பொருட்டுப் பெரிய சுழலிகளை மெல்லச் சுழற்றியும், அடிப்பாகத்தின் பாசியகற்றியும், வேகங்குறைத்தும், மாற்று எரிபொருள் தேடியும் அறிஞர் முயல்கின்றனர். டீசல் தொடங்கிய பணி இன்னும் முடிந்திலது.

ஐயாயிரவரை உண்பித்த பின்னரும், எஞ்சிய துணுக்குகளை வீண்போகாது சேர்க்கப் பணித்தார் நம் ஆண்டவர். நிரம்பக் கொடுக்க வல்லாரே அங்ஙனம் பணித்தாராயின், எடுத்துச் செலவிடுவதன்றி ஒன்றும் படைக்கவியலாத நாம் எத்துணைச் சிக்கனமாய் இருத்தல் வேண்டும்! பொறியின் வீண்செலவைக் குறைக்க ஓர் அறிஞர் தம் வாழ்நாளை ஈந்தார். மனிதரின் ஆசையைக் குறைக்க எந்தப் பொறியாலும் இயலாது; அது நம்மனோர் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. மாணவ நண்பர்காள், டீசல் என்னும் பெயரைக் கேட்குந்தோறும் புகையை மட்டும் நினையாது, அப்புகையைக் குறைக்கும் வழியில் முதலடி வைத்த அம்மனிதரையும் நினைவோமாக.