மூணு வருஷம் காத்திருந்த நாற்காலி
1856, மே 22. அமெரிக்க செனட் சபையில் உட்கார்ந்து எழுதிக்கிட்டிருந்தார், மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர். கன்சாஸுக்குள் அடிமைமுறை வரவே கூடாதுன்னு ரெண்டு நாள் முன்னாடிதான் காரசாரமா பேசியிருந்தார். பேச்சில் தன் உறவினரான செனட்டரை அவமானப்படுத்திட்டார்னு, தெற்கு கரோலினாவின் கீழ்ச்சபை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் விளாசினார். தடி உடைஞ்சும் நிறுத்தலை.

தண்டனை? 300 டாலர் அபராதம். ராஜினாமா செய்த புரூக்ஸைத் தொகுதி மக்கள் மறுபடி ஜெயிக்க வெச்சாங்க. தெற்கிலிருந்து புதுத் தடிகள் பரிசா வந்தன. மாசசூசெட்ஸோ, சபைக்கு வர முடியாத சம்னரையே திரும்பத் தேர்ந்தெடுத்தது. அவர் முழுசா திரும்ப மூணு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

ஒரே அடி. வடக்குக்கு அது குற்றம். தெற்கில் பலருக்கு வீரம். 1861-ல் உள்நாட்டுப் போரே வெடிச்சிருச்சு. 1865-ல் அடிமைமுறை ஒழிஞ்சப்போ சம்னர் அதே சபையில் இருந்தார். 1874-ல் இறக்கும்வரை கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடினார்.