கிரேஸ் அனாட்டமியை 1872-லேயே தமிழில் கொண்டுவந்த அமெரிக்க டாக்டர்: யார் இந்த சாமுவேல் கிறீன்?

பட்டுச்சேலை எடுக்க காஞ்சிபுரம் போகிறவர்கள் திருமுக்கூடல் வரை வருவது அபூர்வம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கலக்கும் ஊர் இது. இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதன் காலம் 1069 வாக்கில். கோயிலோடு சேர்ந்து நடந்த ஆதுலசாலையின் கணக்கு அதில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆதுலசாலை என்றால் ஆஸ்பத்திரிதான். 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை சிகிச்சைக்குத் தனி ஆள், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் என்று பட்டியல் போகிறது. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம் என்று இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு.

யாருக்கு எவ்வளவு நெல் என்பது கல்லில் இருக்கிறது. ஆனால் அந்த மருந்து எந்த நோய்க்கு ஏன் வேலை செய்கிறது, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது அதில் இல்லை. கணக்கு ஊருக்குப் பொது, வைத்தியம் வைத்தியருடைய ஏட்டுச்சுவடிக்குள். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உலகத்தில் பல இடங்களில் அப்படித்தான் இருந்தது.

அந்த அறிவை அச்சிட்ட தமிழ்ப் புத்தகமாக்கி, படிக்கத் தெரிந்த எவர் கையிலும் கொடுக்கலாம் என்று இறங்கியவர்களில் முக்கியமானவர் ஓர் அமெரிக்கர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். வேலை செய்த இடம் யாழ்ப்பாணம்.

நியூயார்க்கிலிருந்து மானிப்பாய்

கிறீன் பிறந்தது 1822-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-ல் பட்டம் பெற்றார். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன்தான் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவானதில் பெரும் பங்கு வகித்தவர். அண்ணன் ஒரு மாநகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது தம்பி கப்பல் ஏறிவிட்டார்.

அனுப்பியது அமெரிக்க மிஷன். 1847 அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே, 1820 வாக்கில், ஜான் ஸ்கடர் என்ற மிஷன் டாக்டர் அதே பகுதியில் வேலை செய்திருந்தார். வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்திதான்.

கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார், பிறகு மானிப்பாய்க்கு மாறினார். 1848-ல் அங்கே சிகிச்சையோடு மருத்துவ வகுப்பும் ஆரம்பமானது. தொடக்கத்தில் மூன்றே மாணவர்கள். பாடம் ஆங்கிலத்தில். 

ஏன் தமிழுக்கு மாறினார்?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்த பையன்களுக்கு அரசு வேலையில் நல்ல சம்பளம் கிடைத்தது. படிப்பு முடிந்ததும் பலரும் கிளம்பிவிட்டார்கள். கிராமத்துக்கு டாக்டர் வேண்டும் என்று தொடங்கிய வகுப்பு, கிராமத்தைவிட்டு டாக்டர்களை ஏற்றுமதி செய்கிற வகுப்பாகிவிட்டது. இன்றைக்கும் பல குடும்பங்களுக்குப் பழக்கமான விஷயம்தான்.

உடல்நலக் குறைவால் 1850-களின் கடைசியில் ஊருக்குத் திரும்பிய கிறீன், 1862-ல் மனைவி மார்கரெட்டோடு மறுபடி யாழ்ப்பாணம் வந்தார். இந்த முறை முடிவு வேறு. 1864 முதல் மருத்துவப் பாடம் தமிழில். ஊர் மொழியில் படித்தவன் ஊரில் இருப்பான், நோயாளிக்கும் புரியும்படி பேசுவான் என்பது அவருடைய கணக்கு. மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கு மாறுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஊர்க்காரர்களிடமிருந்து அவர்கள் தள்ளிப்போய்விடக் கூடாது என்பதுதான் காரணம்.

சரி, தமிழில் பாடம் நடத்தலாம். புத்தகம் எங்கே?

4,000 பக்கங்கள்

முதல் முயற்சிகள் 1850-களிலேயே தொடங்கிவிட்டன. கால்வின் கட்டர் எழுதிய உடற்கூறு நூலும், மான்செல்லின் பிரசவ நூலும் அப்போதே தமிழுக்கு வந்தன. 1867-ல் ட்ரூயிட்டின் அறுவை சிகிச்சை நூல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் வந்தது. 1872-ல் ‘மனுஷ அங்காதிபாதம்’. இதுதான் மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டுகிற கிரேஸ் அனாட்டமி. ஆங்கில மூலம் லண்டனில் வெளிவந்தது 1858-ல். பதினான்கே வருஷத்தில் அது தமிழில் இருந்தது!

அதே 1872-ல் பொது மருத்துவத்துக்கு ‘வைத்தியாகரம்’, 1875-ல் வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’, 1883-ல் உடலியங்கியலுக்கு ‘மனுஷ சுகரணம்’. கிறீன் மொழிபெயர்த்ததும் திருத்தியதுமாக மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல் வரும். மாணவர்களுக்கான தடி புத்தகங்களோடு நிற்காமல் கண், காது, தோல் என்று பொதுமக்கள் படிக்கச் சின்னச் சின்னப் பிரசுரங்களும் போட்டார்.

‘கெமிஸ்தம்’ என்ற பெயரைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வரலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு முறை இருந்தது. ஒரு கலைச்சொல் வேண்டுமென்றால் முதலில் தமிழில் தேடுவது. கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் பார்ப்பது. அங்கும் சரிப்படாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் வாய்க்கு ஏற்றபடி எழுதிவிடுவது. தமிழ்க் கலைச்சொல் பற்றி இருபதாம் நூற்றாண்டு முழுக்க நடந்த சண்டைகள் எல்லாம் இந்த மூன்று படிகளில் எதை எங்கே வைப்பது என்பதைச் சுற்றித்தான். கிறீனின் சொற்களில் வடமொழி வாடை அதிகம் என்பது நியாயமான குறை. அங்காதிபாதம் இன்று உடற்கூறியல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் சொல்லோடு விடவில்லை. துறைவாரியாகக் கலைச்சொல் அகராதிகளையும் தொகுத்து வைத்தார். அடுத்து வருகிறவன் சண்டை போடுவதற்காவது ஒரு பட்டியல் வேண்டுமே.

இதெல்லாம் தனி ஆள் வேலை இல்லை. டான்ஃபோர்த், சாப்மன் போன்ற மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், கிறீன் வரிவரியாகத் திருத்தினார். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. கிரேஸ் அனாட்டமியின் நரம்புகளையும் எலும்புகளையும் தமிழ் வாக்கியத்துக்குள் கொண்டுவர உட்கார்ந்து மல்லுக்கட்டியவர்களின் பெயர்கள் கிறீன் பெயரளவுக்கு இன்று யாருக்கும் தெரியாது. கௌரவம் என்று பேச ஆரம்பித்தால் முதல் பாக்கி அங்கேதான்.

கிறீன் மதம் பரப்ப வந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவரே அதை மறைத்ததில்லை. மருந்தும் பைபிளும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். ஆனால் இரண வைத்தியத்தைப் படித்துக் காயத்துக்குக் கட்டுப்போடக் கற்றவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் காயம் ஆறத்தானே செய்யும்.

அதன் பிறகு

1873-ல் உடம்பு முடியாமல் கிறீன் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தபடியே தமிழ் நூல் வேலை தொடர்ந்தது. பிற்காலப் புத்தகங்கள் சில நாகர்கோவிலில் அச்சாயின. 1884 மே 28 அன்று வூஸ்டரில் காலமானார். அவரிடம் மருத்துவம் படித்தவர்கள் அறுபதுக்கும் மேல்.

தமிழ்வழி மருத்துவ வகுப்பு அவருக்குப் பின் நீடிக்கவில்லை. 1870-லேயே கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி திறந்துவிட்டார்கள். வேலையும் அங்கீகாரமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. புத்தகங்கள் தயார், படித்தவர்கள் தயார், ஆனால் அந்தப் படிப்புக்கு அரசாங்கத்தில் மதிப்பு இல்லை. கிறீனின் திட்டம் தோற்ற இடம் மொழி இல்லை, உத்தியோகம்.

இன்று அறிவியலை மக்களுக்குச் சொல்கிறவர்களுக்கு விருதுகள் உண்டு. பிஜு பட்நாயக் கொடுத்த நிதியில் யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு 1952 முதல் தரப்படுகிறது. இந்திய அரசும் இதற்கென்று தேசிய விருதுகளை வழங்கியிருக்கிறது. கிறீன் காலத்தில் இப்படி எதுவும் கிடையாது. மானிப்பாய் மருத்துவமனைக்கு அவர் பெயர் வைத்தார்கள், கிறீன் நினைவு மருத்துவமனை என்று. ஈழத்துக் கவிஞர் அம்பி அவரைப் பற்றித் தேடி எழுதிப் புத்தகமாக்கினார். வூஸ்டரில் உள்ள கல்லறைக் கல் அவரைத் தமிழர்களின் மருத்துவ ஊழியர் என்று குறிக்கிறது. அவர் விரும்பிக் கேட்ட வாசகம் அது.

2023 ஜனவரியில் தமிழ்நாடு பாடநூல் கழகம் மருத்துவப் பாடநூல்களைத் தமிழில் வெளியிட்டது. அதில் ஒன்று, கிரேயின் உடற்கூறியல். 1872-க்கும் 2023-க்கும் நடுவில் 151 வருஷம்.